வேனுக்கு ஆள் எடுத்தது

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். ஸ்கூல் வேனுக்கு இன்னும் டிரைவர் அமையவில்லை. பழையவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். நானே ஓட்டி இடுப்பு போச்சு.

இன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர் மேல் சாராய வாடை. அடுத்து ஒரு பெண், வடலூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நன்றாகத்தான் பேசினார். பெற்றோர்கள் என்ன சொல்வார்களோ என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவது சேகர். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கேட் பாஸைக் காட்டினார். போலீஸ் விசாரித்துத்தானே பாஸ் தருகிறார்கள், அதற்குமேல் நான் என்ன விசாரிக்க? இந்த ஊரில் பெண் கொடுக்கிறவர்கள்கூட அதைத்தான் பார்க்கிறார்கள். காலையும் சாயங்காலமும் ஃப்ரீயா என்றேன். ஃப்ரீ என்றார். சந்தோஷத்தில் அதோடு விட்டேன்.

அவர் மகள் யாழினியும் அதே ஸ்கூல், மூன்றாம் வகுப்பு. முன் சீட்டில் சும்மா வரட்டும் என்றேன்.

நாளை: டயருக்குக் காற்று, ஆர்.சி. ஜெராக்ஸ், கரன்ட் பில்.

ஜூன் 12, வியாழன்

நிம்மதி. ஒரு புகார் இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் டீச்சர்: "அதிர்ந்துகூட பேசமாட்டேங்கறாரு சார். நல்ல ஆளா புடிச்சீங்க." எனக்குப் பெருமைதான்.

ஜூன் 17, செவ்வாய்

புழுக்கம். ஒரு பிள்ளையின் அம்மா போன். ரவுண்டானாவில் வேன் கல்மேல் ஏறி இறங்கியதாம். பிள்ளைக்குத் தலையில் புடைப்பு. பள்ளமாக இருக்கும் என்று சமாளித்தேன். நாளை நானே ஏறிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

சொல்லாமல் வேனில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். யாழினி ரோட்டைப் பார்க்கவே இல்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவ்வப்போது அவர் கையைக் கிள்ளினாள். ஸ்கூல் வாசலில் அவளைக் கேட்டேன்.

"அப்பாவுக்கு டெய்லி நைட் ஷிப்ட் அங்கிள். கிள்ளலைன்னா கண்ணு மூடிக்கும்."

வேன் நிறையப் பிள்ளைகள். கடவுளே.

சேகரைக் கண்டபடி திட்டிவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. "பாஸ் இருக்கான்னுதானங்க கேட்டீங்க. ராத்திரி எங்க இருப்பேன்னு கேக்கலியே. சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

மைன்ஸை விட்டுவிடுங்கள், முழுநேரமும் என்னிடமே இருங்கள் என்றேன்.

"பெர்மனென்ட் ஆவும்னு வருசக்கணக்கா காத்துகினு இருக்கேங்க. இப்ப எப்புடி வுடறது? தூக்கத்தத்தான் வுட முடிஞ்சுது."

சாவியை வாங்கிக்கொண்டேன். செய்தது சரிதான். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வடலூர் பெண்ணுக்குப் போன் போட்டேன். "வேற எடம் கெடச்சிடுச்சுங்க." வைத்துவிட்டார். வேண்டும் எனக்கு.

மதியம் மந்தாரக்குப்பம் ரஹீம் பாய் போன். அவரும் வேன் விடுகிறவர். "சேகர்னு ஒருத்தர் வந்திருக்காரு. உங்ககிட்ட ஓட்டினாராமே. ஆள் எப்படிங்க?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? "நல்ல மனுஷன் பாய்" என்றேன். அது பொய்யும் இல்லை.

"பாஸ் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சரி."

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட நினைத்தேன். நாலு தடவை போனை எடுத்தேன். கூப்பிடவில்லை.

ஜூன் 23, திங்கள்

தூறல். ரோடு வழுக்கல். நானே ஓட்டினேன். ரஹீம் பாய் வேன் எதிரே வந்தது, உள்ளே பிள்ளைகள் நெரிசல். முன் சீட்டில் யாழினி. கை காட்டினேன். அவள் பார்க்கவில்லை. அப்பா முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.