பூஜையில் வைத்த நீல நோட்டு

கோபம் தீராமலே நான் தினமும் நினைக்கும் என் கணவருக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நேற்று உங்கள் பழைய மாணவர் தரமணியிலிருந்து வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, அவரே இப்போது பேராசிரியர். உங்கள் நீல நோட்டைக் கேட்டார்.

எந்த நோட்டு என்று சொல்ல வேண்டுமா? சரஸ்வதி பூஜையன்று படுக்கையில் இருந்தபடி நீங்கள் கேட்டது. மற்ற புத்தகங்களோடு அதையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன்.

“ஏன்னா, இன்னிக்கு எழுதப்படாது. நாளைக்கு விஜயதசமி, முதல்ல நீங்களே பிரிச்சு எழுதுங்கோ.”

“நாளைக்கு மறந்துடும்டி! அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? பொட்டு வைக்கத்தான் தெரியும்.”

அந்தப் பேச்சுக்காகவே நான் எடுத்துத் தரவில்லை. பூஜையைச் சாக்காகச் சொன்னேன். மறுநாள் காலையில் உங்கள் வலது கையும் பேச்சும் போயிருந்தன. பத்து நாளில் நீங்களும்.

கோயிலில் கபாலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்க இன்னும் மனசு வரவில்லை. நாற்பது வருஷத்தில் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார வைத்து உங்கள் ஆராய்ச்சியைச் சொல்லியிருக்கலாமே?

இப்போது நானே கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறேன். விண்மீன் மண்டலங்கள் சுற்றும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவில்லையாம். கணக்கு உதைக்கிறது என்றால் எனக்குப் புரியாதா? அந்தக் குறையை ஈடுகட்டுவது இருண்ட பொருள். அது நீளம், அகலம், உயரம் தாண்டிய வேறொரு பரிமாணத்தில் இருக்கலாம் என்பதுதான் உங்கள் நோட்டு முழுக்க. அங்கிருந்து வெளிச்சம் வராது, ஈர்ப்பு மட்டும் வரும். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

மாணவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பாதியில நிக்கறது மாமி. அடுத்த வரி இருந்திருந்தா ஒரு வழி தெரிஞ்சிருக்கும்.”

நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “அந்தப் பரிமாணம் எத்தனை பெரிசுன்னு போட்டிருக்காரா?” என்றேன்.

சிரித்தார். “மாமிக்கு எதுக்கு இந்த வம்பு? சூடா ஒரு காபி குடுங்கோ, போதும்.”

“எங்காத்துக்காரர்கிட்ட நன்னாத்தான் பாடம் கேட்டிருக்கேள்.”

அவருக்கு உறைக்கவில்லை. காபி கொடுத்தேன், நோட்டைக் கொடுக்கவில்லை.

வருகிற சரஸ்வதி பூஜைக்கு அது பூஜையில் இருக்காது, என் மடியில் இருக்கும். நீங்கள் நிறுத்திய வரிவரை எனக்குப் புரிந்த பிறகே அதை யாருக்கும் தருவேன். நீங்கள் தப்பாகப் போட்டிருந்தால் அதையும் ஓரத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போடுவேன். இது சத்தியம்.

நோட்டின் கணக்கில் இன்னும் நான்காம் பக்கத்திலேயே நிற்கும்,
உங்கள் மனைவி