சுவிட்சை அணைத்த கை

அன்புள்ள பெரியவளுக்கு,

நாங்கள் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். போன ஞாயிற்றுக்கிழமை போனில், அந்த ஆஸ்பத்திரிக்குப் போயி என்னம்மா சொன்னீங்க என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்லாமல் போனை உன் தம்பி கையில் கொடுத்துவிட்டேன், கோபம் ஒன்றும் இல்லை, வாயில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, நிதானமாகப் படி. அன்றைக்குச் சலவைக்கூடத்து இஸ்திரி அறையில் ஏழு பேர் இருந்தோம். ஜன்னலோரத்து மேஜையில் உன் சித்தி, அவளுக்கு அடுத்த மேஜையில் ஒட்டடை என்று நாங்கள் கூப்பிடுகிறவன், மடிப்பு மேஜையில் பொத்தான் தைக்கிற பொத்தானக்காவும் அவள் நாத்தனாரும், துணி வண்டியோடு வண்டிக்காரப் பெரியவர், வாசலில் காதில் போனை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர், கறை எடுக்கிற மேஜையில் நான். செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. பொத்தானக்காவின் இடது செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கோர்ட்டில் இதையெல்லாம் நான் சொன்னபோது நீதிபதியே பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் பார்த்தபடி இதுவரை உனக்குச் சொன்னதில்லை. ஒட்டடை, அந்த நெட்டை ஒல்லிப் பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயது ஆள், பன்னிரண்டு வருஷமாக எங்களோடு வேலை செய்தவன், கையில் இருந்த இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி உன் சித்தியின் தலையில் மூன்று முறை அடித்தான். நான் மேஜையைச் சுற்றி ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் பெட்டியை அதன் தாங்கியில் வைத்தான், சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான், மேஜை விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் பார்த்ததைத்தான் கோர்ட்டிலும் சொன்னேன். அரசு வக்கீல் உடனே எழுந்து, சுவிட்சை அணைக்கத் தெரிஞ்சவனுக்குத் தான் என்ன செய்யறோம்னு மட்டும் தெரியாதா என்று கேட்டார், எனக்கும் சரி என்றுதான் பட்டது. பிறகு அவன் தரப்பு வக்கீல், உன் வயதுப் பெண், அந்த அறையில பெட்டியைக் கீழ வைக்கிறவங்க என்னம்மா செய்யணும் என்று கேட்டாள். அணைக்க வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போனாலும் அணைக்க வேண்டும், அது என் தங்கச்சி போட்ட சட்டம், மறந்தவன் காதைத் திருகிவிடுவாள் என்றேன். அப்ப பன்னெண்டு வருஷமா செஞ்சு செஞ்சு பழகினதை யோசிச்சு செஞ்சிருப்பானா, கை தானா செஞ்சிருக்குமா என்றாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நாலு பேர் முன்னால் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது என் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. என் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சை இரண்டு வக்கீலும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் தீர்ப்பு என்ன வந்தது, செய்தது அவன்தான் ஆனால் அவன் குற்றவாளி இல்லை, புத்தி சரியில்லாத நேரத்தில் செய்தது, ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்க வேண்டும் என்று. உன் தம்பியை அந்தக் காகிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னேன், மூன்று முறையும் அதேதான் வந்தது. செய்தவன் அவனாம், குற்றம் அவனுடையது இல்லையாம், அப்படியானால் அது யாருடையது, தரையில் கிடக்கிறதா? ஜெயில் என்றால் பத்து வருஷம், பதினாலு வருஷம் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள், நாள்காட்டியில் கிழித்துக்கொண்டு வந்திருப்பேன். இதற்கு முடிவு தேதியே கிடையாதாம், சில பேர் ஜெயிலைவிட அதிக நாள் உள்ளே கிடக்கிறார்கள் என்று அந்த வக்கீல் பெண்ணே சொன்னாள். வைத்தியம் என்றால் எதற்குப் பூட்டு, தண்டனை என்றால் எதற்கு மாத்திரை? உன் தம்பி, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்மா என்கிறான். துணி வெளுத்ததா இல்லையா என்று கேட்டால் கொஞ்சம் கொஞ்சம் என்பானா? உன் மாமியார் வேறு அப்போது, எல்லாம் விதி, மனசைத் தேத்திக்குங்க சம்பந்தி என்று போனில் மூன்றே நிமிஷம் பேசிவிட்டு வைத்தார், அதை நான் மறக்கவில்லை, அது வேறு கதை.

இப்போது நாலு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது, அவனுக்குக் குணமாகிவிட்டதாம், அண்ணன் வீட்டுக்குக் கண்காணிப்போடு அனுப்பலாமா என்று ஒரு குழு முடிவு செய்யப்போகிறதாம், செத்தவள் குடும்பம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தார்கள். நீங்க போகவே வேணாம், எதிர்க்கிறோம்னு ஒரு வரி எழுதிப்போட்டா போதும் என்றான் உன் தம்பி. பொத்தானக்கா, கொன்னவனை வீட்டுக்கு அனுப்ப உன் கையெழுத்தாடி, நல்லா இருக்கு கூத்து என்றாள். நானும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். சின்ன அறை, ஐந்து நாற்காலி, டக் டக் என்று ஒரு மின்விசிறி. அவனைக் கூட்டி வந்தார்கள். உடம்பு போட்டிருந்தான், கன்னமெல்லாம் சதை, இனி ஒட்டடை என்று கூப்பிடவே முடியாது, அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஏதாவது கேக்கணுமாம்மா என்றார் டாக்டர். சுவிட்சை ஏன்டா அணைச்சே என்று கேட்டேன், நாலு வருஷமாக என் தொண்டையில் நின்ற கேள்வி. அவன் தலையைக் குனிந்துகொண்டு, அது அக்கா இல்லன்னு நெனச்சேன், அக்கா மூஞ்சியை மாட்டிக்கிட்டு வேற யாரோ நிக்கறாங்கன்னு நெனச்சேன், நெஜ அக்கா வந்து பாத்தா அணைக்காம வச்சிருக்கியேடான்னு திட்டுவாங்களேன்னுதான் அணைச்சேன் என்றான். மன்னிச்சிடுங்க என்று காலில் விழுந்திருந்தால் முடியாது என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ, என்னை இங்கயே வச்சிருந்தாலும் சரிதாம்மா என்றான்.

இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று அதற்கு முன்னால் யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். டாக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அக்காகிட்ட சொன்னேன் என்றான். பத்து நாள் முன்னாலேயே, தூக்கமே இல்லக்கா, நீராவிக் குழாய் என்கிட்ட பேசுது என்று சொல்லியிருக்கிறான். அவள், வாயைத் தொறக்காதே, சூப்பர்வைசர் காதுல விழுந்தா நாளைக்கே உன்னைத் துரத்திடுவான், என் பக்கத்து மேஜைக்கு வந்துடு, நான் பாத்துக்கறேன் என்றாளாம். எங்கள் அறையில் உடம்பு சரியில்லாதவர்களைச் சூடான பெட்டி பக்கமே விடமாட்டோம், மடிப்பு மேஜைக்கு அனுப்பிவிடுவோம், அதுவும் அவள் போட்ட சட்டம்தான், ஆனால் இஸ்திரியிலிருந்து மடிப்புக்கு மாற்றினால் காரணத்தைச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக அவன் கையில் பெட்டியை விட்டுவைத்திருக்கிறாள். மற்றவர்களுக்குச் சட்டம் போட்டவள், தன் சட்டத்தைத் தானே மீறியிருக்கிறாள்.

எதிர்ப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் மகளே. மாத்திரை முழுங்கினதும் அவன் அண்ணி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், அந்த வீட்டில் இஸ்திரிப்பெட்டி இருக்கக் கூடாது, சட்டையைச் சுருக்கத்தோடு போட்டுக்கொள்ளட்டும் என்றும் எழுதினேன். உன் தம்பி பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. செய்தது சரியா என்று தெரியவில்லை, காலையில் சரி என்று தோன்றுகிறது, மத்தியானம் சோற்றைப் பிசையும்போது பாவி என்று தோன்றுகிறது. நல்ல புத்தியோடு ஒருத்தன் இதே பெட்டியால் இதே தலையில் அடித்திருந்தால் அவனைத் தூக்கில் போடு என்றுதான் கத்தியிருப்பேன், ரத்தம் ஒன்றுதானே, செத்தவளுக்கு அதில் என்ன வித்தியாசம்? ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு அப்படியும் கத்த முடியவில்லை. தெரிந்தும் அவனை வேலையில் விட்டுவைத்தான் என்று சூப்பர்வைசரை நாலு வருஷமாகத் திட்டித் தீர்த்தேன், அந்த ஆளிடம் யாரும் சொல்லவே இல்லை என்று இப்போது தெரிந்ததும் அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது, போனதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நீ வேலை செய்கிற இடத்தில் யாராவது தூக்கம் இல்லை, என்னென்னவோ கேட்கிறது என்று உன்னிடம் சொன்னால் பாவம் பார்த்து மூடி வைக்காதே, சொல்ல வேண்டியவர்களிடம் சொல். பேத்தியின் காது வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் என் அன்பு, மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இருங்கள். தம்பிக்கு ஒரு போன் போடு, என்மேல் உள்ள கோபத்தில் சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறான். ஒட்டடையை மன்னித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்காதே, எனக்கே தெரியாது. அவன் மேஜை மாறி வந்த அந்த வாரம் நானே அவளிடம் கேட்டேன், ஏன்டி இவனை உன் பக்கத்துல நிறுத்தியிருக்கே என்று. துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், சும்மாதான்க்கா என்றாள். சின்ன வயசிலிருந்து ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் தின்று வளர்ந்த என்னிடம் சும்மாதான்க்கா என்றாள், நானும் நம்பிக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பிப் போனேன். மற்றது எல்லாம் எனக்குக் குழப்பம்தான், இது ஒன்றுதான் தெளிவு, நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், உன் சித்தியை.

இப்படிக்கு,
உன் அம்மா