பாய்ந்தால் மனசு தெரியுமாம்

உவாஜிமா
செப்டம்பர் 21

அன்பு மகன் தொமோயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போன வாரப் புயல் நம் பக்கம் வராமல் திரும்பிவிட்டது, மலைச்சரிவில் ஆரஞ்சு இன்னும் பச்சைக் காயாகவே நிற்கிறது, நம் இரண்டு மரத்தில் மட்டும் கிளை முறிந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் பயிற்சி கொடுக்கிறார், வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஐஸ் கொண்டுவா என்கிறார். நான் மினெகோ அக்கா கடையில்தான் இன்னும் இருக்கிறேன், காலை ஐந்து மணிக்கு மீன் அரைக்கப் போனால் ஜாக்கோதென் மீன்வடை எல்லாம் பொரித்து அடுக்கிவிட்டு வரப் பகல் ஆகிவிடுகிறது, கையில் அந்த மீன் வாடை என்ன தேய்த்தாலும் போவதில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதை நீட்டிக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஜூன் மாதம் என் பிறந்தநாளுக்கு, அப்பா வெளியே போயிருந்த நேரம், போன் செய்தபோது சொன்னாயே, முதல் பேஸை நோக்கித் தலை முன்னால் போகப் பாய்ந்ததில் இடது தோள் கழன்றது, உடை மாற்றும் அறையில் யாருக்கும் தெரியாமல் நீயே சுவரில் அழுத்தி உள்ளே தள்ளினாய், இது மூன்றாவது தடவை என்று. 'அப்பாகிட்ட சொல்லாதம்மா, டீம்ல யாருக்கும் தெரியாது, அக்டோபர் தாண்டட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கறேன்' என்றாய். அக்டோபரில்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பட்டியல் போடுவார்கள். இருபத்தாறு வயசில் இன்னும் இரண்டாம் அணியில் இருக்கிறவனுக்கு, நூறு தடவை மட்டை பிடித்தால் இருபது தடவைகூட உருப்படியான அடி விழாதவனுக்கு, தோளும் போயிற்று என்று தெரிந்தால் பேர் எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கும் தெரியாததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். நீ சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூடச் சில நாள் தோன்றும், அப்புறம் என்னிடமும் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வாய் என்று தோன்றும்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆகஸ்டில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் மூலையில் உன்னைப் பற்றி ஏழு வரி வந்ததே, இரண்டாம் அணியில் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறவன், இவன் இருப்பதால்தான் இளம் ஆட்டக்காரர்களும் ஓடுகிறார்கள் என்று உங்கள் தலைமைக் கோச் சொன்னதாக, அதை வெட்டி எடுத்துப் போய் மினெகோ அக்கா கடைச் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அதே வாரம்தான் உங்கள் குசுமோத்தோவை முதல் அணிக்குக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயசு, பந்து தரையில் உருண்டால் அவுட் என்று தானே முடிவு செய்துகொண்டு பாதி வழியில் நின்றுவிடுவான், அதற்காக அவனை வெயிலில் மைதானத்தைச் சுற்ற வைத்தார்கள் என்று நீதான் சொன்னாய். அங்கே போன முதல் வாரத்திலேயே இரண்டு ஹோம் ரன் அடித்துவிட்டான். மறுநாள் கடை டிவியில் அதைத் திரும்பக் காட்டியபோது அப்பா அங்கே இருந்தார். 'ஓடற லட்சணத்தைப் பாரு, கோயிலச் சுத்தி வர்ற மாதிரி' என்றார். கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மினெகோ அக்கா, 'பந்து வேலிக்கு அந்தாண்ட போயிட்டா நடந்துதானேய்யா வரணும், ஓடி என்ன பண்ணப்போறான்' என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. 'உழைப்புன்னு ஒண்ணு இருக்கு, மினெகோ' என்றார். அவள் விடுவாளா, 'இருக்கட்டும், வாங்க வர்றவங்களுக்கு மீனு ருசியா இருக்கணும், நான் வேர்த்து ஒழுக அரைச்சேனான்னு எவன் கேக்கறான்' என்றாள். அப்பா மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம்தான், ஆனால் அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. பந்து வீசுகிறவன் நீ போன தடவை எவ்வளவு வேகமாக ஓடினாய் என்று பார்த்தா வீசுகிறான்? தரையில் உருண்ட பந்தை எடுத்து நீ வரும் முன் பேஸுக்கு எறிந்துவிடுவார்கள், பத்துக்கு ஒன்பது, நடந்தாலும் அவுட், ஓடினாலும் அவுட். அந்தப் பத்தாவதுக்காகத்தான் ஓடுவது என்பார் அப்பா. அந்தப் பத்தாவது இந்த வருஷம் உனக்கு எத்தனை தடவை வாய்த்தது என்று கேட்க எனக்கு மனசில்லை.

ஒருநாள் அவர் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன், முதல் பேஸுக்குப் பாய்ந்தால் சீக்கிரம் போகலாமா, நிமிர்ந்தபடியே ஓடித் தாண்டினால் சீக்கிரமா என்று. அவர் யோசிக்கவே இல்லை. 'ஓடித் தாண்டறதுதான் சீக்கிரம், பாயறப்ப வேகம் குறையும், இது எல்லாருக்கும் தெரியும்' என்றார். அப்படியானால் பிள்ளைகளுக்கு ஏன் பாயச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்றேன். 'நான் சொல்லிக்கொடுக்கல, தடுக்கல, அவ்வளவுதான். ஓடினா காலு தெரியும், பாய்ஞ்சா மனசு தெரியும்' என்று சொல்லிவிட்டு ஐஸ் பையை மறு காலுக்கு மாற்றிக்கொண்டார். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது, தொமோயா. உனக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது, பாய்ந்தால் சீக்கிரம் போல, அதனால்தான் பிள்ளை விழுந்து விழுந்து எழுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், தோள் விஷயம் வெளியே வந்துவிடும், விழுங்கிவிட்டேன்.

அவரை மட்டும் என்ன சொல்வது, நான் என்ன யோக்கியம். நீ உயர்நிலைப் பள்ளி அணியில் இருந்தபோது பந்தயத்துக்குப் போகிற இடத்திலெல்லாம் அம்மாக்கள் குழாயடியில் கூடி உடுப்பை அலசுவோம், யார் பிள்ளை உடுப்பில் மண் அதிகம் என்று எல்லோர் கண்ணும் அடுத்தவள் வாளியில்தான் இருக்கும். 'ஐயோ, இதப் பாருங்களேன், எத்தனை சோப்பு போட்டாலும் போகமாட்டேங்குது' என்று ஒருத்தி அலுத்துக்கொண்டால் அது அலுப்பு இல்லை, பெருமை. உனக்குப் பதினாறு வயசில் ஒருநாள் போட்ட உடுப்பு போட்டபடி வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தாய். 'என்னடா, இன்னைக்கு உக்காந்தே பொழுதப் போக்குனியா' என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், நீ உள்ளே போய்விட்டாய். மறுநாளும் உன்னை ஆடவிடவில்லை என்று பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி என்னிடம் சொன்னாள், ஆனால் நீ மார்பெல்லாம் மண்ணோடு வந்து நின்றாய். தண்ணீரில் போடும் முன் விரித்துப் பார்த்தேன், முழங்காலில் தேய்ப்பே இல்லை, மார்பில் ஐந்து விரல் பதிந்திருந்தது. நீயே அள்ளிப் பூசிக்கொண்டு வந்திருந்தாய். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு, இதெல்லாம் வேண்டாம் கண்ணா, உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருந்தேன் என்று சொல் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொடியில் போட்டேன், பக்கத்து வீட்டார் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே தேய்த்தேன். அதற்கப்புறம் நீ ஒருநாளும் சுத்தமாக வந்ததில்லை.

இந்த மாதம் இரண்டாம் வாரம் உங்கள் டீம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கோபப்படாதே, ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்த பெண் நான் யார் என்றதும், 'தொமோயாவோட அம்மாங்களா, அவரை மாதிரி ஓடணும்னுதான் இங்க எல்லாருக்கும் சொல்றாங்க' என்றாள், அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், அப்புறம் என்ன விஷயம் என்று கேட்டாள். அங்கே மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சரி, நேரில் போய் உன் கையைப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று, உன் சித்தி மிச்சியோ வீட்டுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, போன செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் கடல் பாலம் தாண்டி உன் ஊருக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரமாக வந்து உன்னைக் கூப்பிடுவது, டாக்டரிடம் போ என்று சொல்வது, நீ மாட்டேன் என்றால் அங்கேயே கோச்சிடம் நானே சொல்லிவிடுவது, இதைத்தான் ஏழு மணி நேரமும் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரி பார்த்தார்.

வந்து சேர்ந்தபோது ஆட்டம் பாதிக்குமேல் முடிந்திருந்தது. தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு முதல் பேஸ் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன், இருநூறு பேர்கூட இல்லை, பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஏழுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தீர்கள். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், நீ மட்டையோடு வந்தாய். பக்கத்தில் கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டிருந்த பெரியவர், 'இதுக்குத்தாங்க நான் கிளம்பாம உக்காந்திருக்கேன், இவன் பாய்வான் பாருங்க' என்றார். நீ அடித்த பந்து தரையோடு உருண்டு நேராக எதிர் அணிக்காரன் கைக்குப் போனது. அவுட் என்று எனக்கே தெரிந்தது. ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு மண் தெறிக்க ஓடி வந்தாய், நான் உட்கார்ந்திருந்த பக்கமாகவே ஓடி வந்தாய். நான் எழுந்து நின்றிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. 'பாய்டா கண்ணா, பாய், தொமோயா' என்று ஒரு பொம்பளைக் குரல் கத்தியது உனக்குக் கேட்டிருந்தால் அது நான்தான். எல்லோர் சத்தத்துக்கும் மேலே அது என் காதிலேயே விழுந்தது. நீ பாய்ந்தாய். அவன் எறிந்த பந்து உனக்கு முன்னாலேயே பேஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நீ எழுந்ததும் இடது கைக் கட்டைவிரலை பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டாய், கை தொங்கக் கூடாது என்று. அதை அவ்வளவு சாதாரணமாகச் செய்தாய், யாரும் கவனிக்கவில்லை. வலது கையால் ஹெல்மெட்டைக் கழற்றி எங்கள் பக்கம் குனிந்து வணங்கினாய். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, 'உங்களுக்குத் தெரிஞ்ச பையனா' என்றார். இல்லை, பேப்பரில் பேர் பார்த்தேன் என்று சொன்னேன். உனக்கென்று பொரித்துக் கொண்டுவந்த ஜாக்கோதெனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேலிப்பக்கம் வராமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

நீ சொல்லாதே என்றதால்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது இல்லை, கண்ணா. உன் பேர் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் வந்துவிடக் கூடாது என்று எனக்கே ஆசை. அந்தச் சீருடையில் உன்னை இன்னும் ஒரு வருஷம் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை. அந்த ஆசை உன் தோளைவிடப் பெரிதாக என்னிடம் இருக்கிறது என்பது செவ்வாய்க்கிழமை வரை எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும்விட்டேன், போ. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நீ கேட்கலாம். நேற்றுக் கோவிலுக்குப் போனேன், காசு போட்டு, மணியை அடித்து, இரண்டு தடவை கை தட்டிக் கண்ணை மூடி நின்றேன். அவன் ஓடட்டும் என்று கேட்பதா, அவனை நிறுத்து என்று கேட்பதா என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். ஒன்றும் கேட்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே, துண்டை மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொள். வயசான காலத்திலும் இடது கையில் சோற்றுக் கிண்ணத்தை யார் உதவியும் இல்லாமல் தூக்கிப் பிடித்துச் சாப்பிடுகிற ஆயுசு உனக்கு அமையட்டும், வேறு எது அமையாவிட்டாலும் போகட்டும் என்று எழுத ஆசைதான், எழுதினால் அது முழு உண்மையாக இருக்காது. ஒன்றாம் தேதி மறுபடியும் கோவிலுக்குப் போகிறேன். அதற்குள் மினெகோ அக்கா கடை விலாசத்துக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடு, அங்கே நின்று நான் என்ன கேட்க வேண்டும் என்று. மறந்துவிடாதே. நீ எழுதியதை மட்டும் கேட்கிறேன், என் ஆசையைச் சேர்க்கமாட்டேன்.

உன் அம்மா,
சுமியே