நான்காம் தொட்டி

ஜூன் 3

வயல் மண்ணைக் கலைக்காமல் வெட்டியெடுத்து நிரப்பிய ஆறு தொட்டிகள். பூச்சிமருந்து மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாய், ஒரு பாட்டில். மழையில் மேலே வழியும் நீருக்கு இன்னொரு பாட்டில். மருந்து ஊற்றி ஒன்பது நாள். நேற்று மழை. ஐந்து பாட்டில்கள் சுத்தம், நான்காவதில் மட்டும் மருந்து. ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்க இரண்டு வருடமாவது ஆக வேண்டும். மேலே வழிந்த நீரின் பாட்டிலை மாற்றி வைத்துவிட்டார்கள் – வேறென்ன?

ஜூன் 4

பாட்டில் எடுக்கும் அக்காவிடம் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் பாட்டிலை என் மேசையில் வைத்தார். கழுத்தில் வெள்ளை நூல், நான்கு முடிச்சு.

"லேபிள் மழையில கரைஞ்சிடும் மேடம். அதான் மேல வழியிற தண்ணிக்கு சிவப்பு நூல், அடித்தண்ணிக்கு வெள்ளை. நாலாம் தொட்டிக்கு நாலு முடிச்சு. கொட்டிடாதீங்க."

கொட்டத்தான் இருந்தேன்.

ஜூன் 5

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். "நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்."

கோபம் வந்தது. ஏன் வந்தது? சனிக்கிழமை, சோதனைக்கு இடம் கொடுத்த வயல்காரர் நிலத்தில் இதே மருந்தை அடிக்கப் போகிறோம். அவர் வீட்டுக் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. அவர் மருமகளுக்கு ஏழு மாதம். "தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அவர் கேட்டபோது, "நான் பொறுப்பு" என்று சொன்ன வாய் இது.

தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க, மாலை நான்காம் தொட்டியில் நீலச் சாயம் ஊற்றினோம்.

ஜூன் 6

அக்காவும் நானும் தொட்டி மண்ணை வெட்டிப் பார்த்தோம். மேலே நாலு விரற்கடை நீலம். அதற்குக் கீழே அடிவரைக்கும் ஒரே ஒரு நீலக் கோடு. மண்புழு போட்ட வழி.

"இது உங்க கணக்கைப் படிக்கல மேடம்" என்றார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"அன்னிக்கு கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்கக்கா."

"அத விடுங்க. மருந்து அடிக்கிறவருக்கு முதல்ல போன் போடுங்க."

போட்டேன். நாளைக்கு அடிக்க வேண்டாம் என்றேன்.

ஜூன் 7

வயல்காரரிடம் நேரில் போய், நான் சொன்னது தப்பு என்றேன். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். இந்த வருட வயல் சோதனை போயிற்று. மேலதிகாரி முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

ஜூன் 8

பெருமழை. ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று மருந்து அடித்திருந்தால்? அக்கா நன்றாயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20

வயல்காரருக்குப் பேத்தி. பார்க்கப் போனேன். கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள், இரண்டு குவளை குடித்தேன். கிளம்பும்முன் சோதனைக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கிணத்துக்கு என்ன கலர் நூல் அக்கா?"

"இதுவரைக்கும் கிணத்துக்கு நூல் வெச்சதில்ல மேடம். நீங்களே ஒரு கலர் சொல்லுங்க."

குழந்தையின் போர்வையைப் பார்த்தேன். மஞ்சள் என்றேன்.