குணலட்சுமி ரீச்சரின் வேகம்

ஜூன் 12, 2025 – வியாழன்

கடையில் இன்று திருத்த வந்தது இரண்டு மின்விசிறி, ஒரு றைஸ்குக்கர். பத்து மணிபோல் குணலட்சுமி ரீச்சர் வந்தார், வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் தனியாக. அறுபத்தெட்டு வயது. கல்லூரியில் மேற்கத்திய இசை படிப்பித்து ஓய்வுபெற்றவர்.

கைப்பையிலிருந்து ஒரு கசெற்றை எடுத்து மேசையில் வைத்தார். மேலே என் கையெழுத்து. 'பாக் – முப்பது மாற்றங்கள் – 26.8.90.' கல்லூரி மண்டபத்தில் ரீச்சர் பியானோவில் வாசித்ததை நான் பதிந்தது; அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த இரண்டு மாதத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் நாங்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. கடையில் நான் பதிந்து வைத்திருந்த நானூறு கசெற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இது ரீச்சரின் வீட்டில் இருந்ததால் பிழைத்தது.

பாக் என்ற ஜெர்மன்காரர் எழுதிய ஒரு பாட்டு. அது முப்பது விதமாக மாறி மாறி வரும். கடைசியில் முதல் பாட்டே அப்படியே திரும்பி வரும். அன்று ரீச்சர் எனக்கு விளங்கப்படுத்தியது அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கும் பழைய மாணவர்கள் இதையும், போன தை மாதம் ரீச்சர் வீட்டில் நான் பதிந்ததையும் ஒன்றாக ஒரு இசைத்தட்டாக வெளியிடப் போகிறார்கள். புதியதைச் சேர்ப்பதில் ரீச்சருக்கு விருப்பமில்லை.

"பழசைத் துப்புரவாக்கித் தாரும், றியாஸ். புதுசை விடும். ரெண்டையும் கேட்டுப் பாரும், உமக்கே விளங்கும்."

"ஏன் ரீச்சர், நல்லாத்தானே வாசிச்சனீங்கள்?"

"கிழவியின்ரை வாசிப்பு" என்றார். சிரிக்கவில்லை.

ஜூன் 13

ஜும்ஆ முடிந்து வந்து இரண்டையும் கேட்டேன். பழையது முப்பத்து நான்கு நிமிடம். புதியது முப்பத்தொன்பது.

பழையதில் தொடக்கத்தில் என் குரல் – இடமும் தேதியும் சொல்கிறேன். மெல்லிய, கீச்சுக் குரல். மனைவி அஸீஸா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உது ஆர், பொம்பிளைப் பிள்ளையோ?" நான்தான் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வாசிப்பு! முதலில் அமைதியாகத் தொடங்கி வரவர வேகம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் பகுதியில் விரல்கள் விசைகளைத் தொடுகின்றனவா என்றே தெரியவில்லை. அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து ஒரு பரீட்சகர் இந்தக் கசெற்றைக் கேட்டுவிட்டு, போகப்போக நெருப்பு ஏறுகிறது என்று எழுதினாராம். புதியதில் நெருப்பு இல்லை. ஒவ்வொரு சுரமும் வந்து கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகிறது. எனக்குப் புதியதுதான் பிடித்தது. ஆனால் நான் யார் சொல்ல?

ஜூன் 17

துப்புரவு வேலை. கசெற்றின் இரைச்சலை எடுப்பதற்காக முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே பாட்டு. ஒரே சுரத்தில் தொடங்கவேண்டும். தொடங்கவில்லை. கடைசியில் வருவது சுருதி கூடியிருக்கிறது. எனக்கே கேட்கிறதென்றால் சின்ன வித்தியாசமில்லை.

கசெற்றில் இரண்டுக்கும் நடுவே அரை மணித்தியாலம். யாரும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இருக்காது. என் பிளேயரில்தான் ஏதோ.

ஜூன் 18

வேறு பிளேயர். அதேதான்.

ஜூன் 19

பழைய பதிவில் கல்லூரி மண்டபத்துச் சுவர்க் கடிகாரம். அதன் கீழேதான் றெக்கோடரை வைத்திருந்தேன். ரீச்சர் வாசிக்கத் தொடங்குமுன் அது துடிப்பது கேட்கிறது. முடிந்தபிறகும் கேட்கிறது. நொடிக்கு ஒரு துடிப்பு இருக்கவேண்டும். தொடக்கத்தில் இருபது துடிப்புக்குப் பத்தொன்பது நொடி. முடிவில் பதினேழு.

கடிகாரம் அவசரப்படாது. றெக்கோடர்தான் மெதுவாக ஓடியிருக்கிறது. போகப்போக இன்னும் மெதுவாக. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் வாசிப்பு வேகமாகத்தான் கேட்கும். என் கீச்சுக் குரலும் அதனால்தான்.

கணக்குப் பார்த்தேன். ரீச்சர் அன்று வாசித்தது முப்பத்தேழரை நிமிடத்துக்குக் கிட்ட. இப்போது முப்பத்தொன்பது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஒன்றரை நிமிடம்தான் மெதுவாகியிருக்கிறார்.

அந்த நெருப்பு – பற்றறி இறங்கினது. அவ்வளவுதான்.

எனக்கு ஞாபகம் இருக்குது. மறக்கேல்லை. சண்டை திரும்பத் தொடங்கி அந்த ஆனியிலேயே கரண்ட் நிண்டிட்டுது. தடையாலை பற்றறி உள்ளுக்கு வராது. ஆறு பழைய பற்றறியை, கொஞ்சம் உயிர் வரட்டுமெண்டு, ரெண்டு நாள் வெயில்லை காயவைச்சுக் கொண்டு போனனான். ரீச்சர் கேட்டவா, "பற்றறி புதுசோ? இடையிலை நிண்டிடாதே?" எண்டு. "புதுசு ரீச்சர்" எண்டனான். ஏன் அப்பிடிச் சொன்னன்? பழசு எண்டால் வேண்டாமெண்டு சொல்லிப்போடுவா எண்டு. எனக்கு அதைப் பதியவேணும் போல இருந்தது.

என்ரை கையாலை மிஞ்சினது ஒரே ஒரு கசெற். அதுவும் பிழை.

ஜூன் 24

திருத்திய பிரதியையும் எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டை போனேன், சொல்வதென்று. வழியெல்லாம் வசனம் கட்டினேன்.

ரீச்சர் பியானோவின் மேல்மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் தந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே கதைக்கத் தொடங்கினார், மகள் ஜெயனியைப் பற்றி. ஜெயனி நெல்லியடியில் கலியாணம் செய்து இருக்கிறார், ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார் என்று தெரியும். பியானோ வாசித்தவர் என்று இன்றுதான் தெரியும்.

"என்னைவிட நல்ல கை. நான் மேசையிலை மணிக்கூட்டை வைச்சிட்டு இருப்பன். 'முப்பத்துநாலு நிமிஷத்துக்குள்ளை முடி. உன்ரை அம்மா மேலை பொம்பர் பிளேன் சுத்தேக்கை முடிச்சவள், உனக்கென்ன?' எண்டுவன். மூண்டு வருஷம், றியாஸ். கை மணிக்கட்டு வீங்கி, பேந்து நரம்பு பழுதாப் போச்சு. பதினேழு வயசிலை உந்த மூடியை மூடினவள். பேந்து தொடவேயில்லை."

"உங்களாலை முடிஞ்சதோ ரீச்சர்? பேந்து, முப்பத்துநாலுக்குள்ளை?"

"ஒருக்காலும் இல்லை. அதாலைதானே நான் மேடையை விட்டது. ஒருநாள்தான் எனக்கு அது வந்தது எண்டு நினைச்சன். பிள்ளைக்கும் வரும் எண்டு நினைச்சன்."

சொல்லவில்லை. பிரதியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஜூன் 29

ஒன்றும் எழுத இல்லை.

ஜூலை 2

அஸீஸாவுக்குச் சொல்லிவிட்டேன். மீன் அரிந்துகொண்டே கேட்டாள்.

"சொல்லாட்டி ஆருக்கு என்ன? பழசை அப்பிடியே குடுங்கோ. அந்த மனிசி சந்தோசமா இருக்கட்டும்."

"சந்தோசமா இல்லையே அஸீஸா. அதுதானே கரைச்சல்."

கத்தியிலிருந்த செதிலை வழித்தாள். பிறகு: "சொன்னா உங்களிலைதானே கோவிப்பா?"

"ஓம்."

"அதுக்குத்தான் பயப்பிடுறியளோ?"

நான் எழும்பிக் கடைக்குப் போனேன். அவளும் மீனைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூலை 5 – சனி

சொல்லிவிட்டேன்.

பற்றறியை, வெயிலில் காயவைத்ததை, புதுசு என்று பொய் சொன்னதை – எல்லாவற்றையும். ரீச்சர் கேட்டு முடித்தார். "போடும்" என்றார். திருத்தியதைப் போட்டேன். முப்பத்தேழு நிமிடமும் பியானோவுக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி கேட்டார். இடையில் ஒரு மாற்றம் வரும், மிக மெதுவானது, துக்கமானது. பழைய கசெற்றில் அது கடந்து போனதே தெரியாது. இன்று அது வந்தபோது அவருடைய வலது கை மடியில் அசைந்தது.

முடிந்ததும் சொன்னார்: "உது நான்தான். எனக்குத் தெரியும் உவளை." பிறகு, "கல்லூரிப் பியானோ சுருதி இறங்கிக் கிடந்தது. அதாலை கசெற்றிலை ஏறினது தெரியேல்லை. வேகத்துக்கு நான் பொம்பர்ப் பயத்தைக் காரணம் சொல்லி வைச்சிருந்தன்."

நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் உம்மைக் கேட்டனான், புதுசோ எண்டு."

"ஓம் ரீச்சர்."

"ஒரு சொல்லு. பழசு எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தால் நான் இதை நம்பியிருக்கமாட்டன். என்ரை பிள்ளையின்ரை கை…" வாசல் பக்கம் கையைக் காட்டினார். "எழும்பிப் போம்."

எழும்பி வந்தேன். செருப்பை வாசலில் மாறிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியது பாதி வழியில்தான் தெரிந்தது.

ஜூலை 6

நித்திரை இல்லை.

ஜூலை 14

ரீச்சரிடமிருந்து ஒன்றுமில்லை. லண்டன் ஆட்கள் இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். ரீச்சர் சொல்லாமல் நான் எதையும் அனுப்பமாட்டேன் என்று எழுதினேன்.

இரண்டையும் இப்போது மாறி மாறிக் கேட்கிறேன், வேலை செய்துகொண்டே. திருத்திய பழையதும் புதியதும். நேரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே ஆள் வாசித்தது போல் இல்லை. முப்பத்துமூன்று வயதுக்காரி ஒவ்வொரு வசனத்தையும் முடிப்பதற்காக வாசிக்கிறாள். அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு முடிக்கும் அவசரம் இல்லை; இடது கையில் கீழே ஒரு குரல் நடப்பதை மேலே வர விடுகிறார். அது பழையதிலும் இருக்கிறது. ஆனால் அன்றைய அவள் அதைக் கேட்கவில்லை. வேகமாக ஓடிய கசெற்றால் நாங்களும் கேட்கவில்லை.

இதை ரீச்சருக்குச் சொல்ல விருப்பம். எந்த முகத்தோடு?

ஜூலை 27

மடித்த பத்திரிகையைக் கையில் வைத்தபடி ஒரு பெண் கடைக்குள் வந்தார். நாற்பது கடந்த வயது. "நான் ஜெயனி. குணலட்சுமி ரீச்சரின்ரை மகள்." நான் எழும்பி நின்றேன். அறியாமல் அவருடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டேன். அவரும் அதைக் கண்டார்.

"அம்மா போன கிழமை நெல்லியடிக்கு வந்தவா. ரெண்டு பஸ் மாறி. வந்து இருந்து, 'மெசின் பிழை பிள்ளை, வேகம் பிழை' எண்டு அழுறா."

"என்ரை பிழை தங்கச்சி. பற்றறி…"

"அதைத்தான் அவாவும் சொன்னவா. பற்றறியாம்." கதிரையை இழுத்து இருந்தார். "அண்ணை, நான் அவாவைக் கேட்டனான் – மெசினோ எனக்கு முன்னாலை மணிக்கூட்டை வைச்சது? அழ அழ வாசிக்கச் சொன்னது மெசினோ? முப்பத்தொன்பது நிமிஷமா இருந்திருந்தாலும் நீங்கள் அதையும் வைச்சு அடிச்சிருப்பியள் எண்டு சொன்னன்."

 ஒரு மாதமாக எல்லாப் பாரத்தையும் என் தலையில் ஏற்றி வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒருவித ஆறுதலும் இருந்திருக்கிறது, இப்போது தெரிகிறது. இவர் வந்து, உன் பங்கு இவ்வளவுதான் என்று அளந்து தந்துவிட்டார்.

"அதுக்கு ரீச்சர் என்ன சொன்னவா?"

"என்ரை கையைப் பிடிச்சுப் பாத்தா. கனநேரம். பிறகு 'ஓம்' எண்டா. அவ்வளவுதான்." கண்ணைத் துடைத்தார். "எனக்கு அந்த ஓம் ஒண்டே போதும் போல இருந்தது."

போகும்போது இரண்டு பதிவின் பிரதியும் வாங்கிக்கொண்டு போனார். "கேப்பனோ தெரியாது" என்றார்.

ஓகஸ்ட் 9

ரீச்சர் போன் எடுத்தார். "லண்டனுக்கு ரெண்டையும் அனுப்பும். திருத்தினதையும் புதுசையும். பழசு எப்பிடி வேகமாப் போனதெண்டு உள்ளட்டையிலை எழுதச் சொல்லும். உம்மடை பெயரோடை."

"என்ரை பெயரோ ரீச்சர்?"

"ஓம். பதிஞ்சது நீர்தானே." வைத்துவிட்டார்.

மன்னிப்பா, தண்டனையா? அஸீஸாவிடம் கேட்டேன். ரெண்டும்தான் என்றாள்.

செப்டெம்பர் 20 – சனி

லண்டனிலிருந்து இசைத்தட்டுகள் வந்துவிட்டன. இருபதைக் கட்டி எடுத்துக்கொண்டு பின்னேரம் வட்டுக்கோட்டை போனேன். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் போகிறேன்.

படலையைத் திறக்கும்போதே பியானோ கேட்டது. அந்த முதல் பாட்டு. மிக மெதுவாக, நின்று நின்று. ரீச்சருக்கு ஏதோ சுகமில்லை, கை நடுங்குகிறதாக்கும் என்று பயந்தேன்.

ரீச்சர் குசினிப் பக்கமிருந்து வந்து கையால் மறித்தார்.

"உள்ளை போகாதையும்" என்றார், காதுக்குள் சொல்வதுபோல. "ஜெயனி. மூண்டாம் கிழமை இது. ஒவ்வொரு சனியும் வாறாள். நான் கேக்கிறன் எண்டு தெரிஞ்சால் நிப்பாட்டிப்போடுவாள்."

"கை நோகாதோ?"

"நோகுமாம். நொந்தால் நிப்பாட்டுறாள்."

இருவரும் கிணற்றடியில் நின்றோம். இசைத்தட்டுக் கட்டு என் கையிலேயே இருந்தது. அவர் வாங்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. உள்ளே மூன்றாவது வரியில் ஒரு சுரம் பிழைத்தது. எனக்கே தெரிந்தது. ரீச்சர் வாயைத் திறந்தார். பிறகு முந்தானை நுனியை எடுத்து உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தார்.

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு முதலிலிருந்து தொடங்கியது, முன்னரைவிட மெதுவாக.