புனித அந்தோனியாருக்கு வந்த நோட்டீஸ்

அனுப்புநர்:
திருமதி அ. அனிதா மேரி,
க/பெ. (காலஞ்சென்ற) அருண் ஜோசப்,
மேரி இ-சேவை மற்றும் ஜெராக்ஸ் மையம்,
கோயில் தெரு, சம்மனசுபட்டி,
ராயப்பன்பட்டி வழி, உத்தமபாளையம் வட்டம்,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தேனி.

பொருள்: சம்மனசுபட்டி புனித அந்தோனியார் கோயில் அசனம் – புனிதர் மருத்துவச் சான்றுடன் நேரில் ஆஜராக வேண்டும் என்ற நோட்டீஸை ரத்து செய்தல் – 386 வீட்டு அரிசிக்குப் பெயர் கேட்காதிருத்தல் – வேண்டுவது தொடர்பாக.

பார்வை:
1. ஊராட்சித் தலைவரின் அனுமதிக் கடிதம், நாள் 02.04.2025
2. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ், நாள் 22.04.2025
3. உணவுப் பாதுகாப்புத் துறையின் நோட்டீஸ், நாள் 09.05.2025

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் பதினோரு ஆண்டுகளாக இ-சேவை மையம் நடத்திவருகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை நிரப்பியிருக்கிறேன். தவறு என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே 5-ஆம் பத்தியில் நான் ஒப்புக்கொள்ளப்போகும் தவற்றைத் தாங்கள் படிக்கும்போது, இவள் விவரம் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

2. எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஜூன் 13, புனித அந்தோனியார் திருநாளன்று அசனம் நடைபெறும். அசனம் என்றால் ஊர் முழுவதற்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. சம்மனசுபட்டியில் அதற்கு ஒரு முறை உண்டு. ஜூன் 9 முதல் 11 வரை மூன்று நாள், கோயிலை ஒட்டிய அறையில் இடுப்புயர மரப்பெட்டி ஒன்று வைக்கப்படும். வீட்டுக்கு ஒருவர் மூடிய பையோடு தனியாக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அரிசியைப் பெட்டியில் கொட்டிவிட்டு வெளியே வர வேண்டும். அளப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை. எட்டிப் பார்த்தவர் என்று ஒருவர் பெயர் அடிபட்டால் அடுத்த திருநாள் வரை ஊர் அவரை நிம்மதியாகத் தூங்கவிடாது. கிறிஸ்தவ வீடு, இந்து வீடு எல்லாம் சேர்த்து மொத்தம் 386 வீடுகள். உண்பவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்.

இப்படிச் சேரும் அரிசியில் பொன்னி இருக்கும், இட்லி அரிசி இருக்கும், ரேஷன் அரிசி இருக்கும். குமுளிப் பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிவரும் சிவப்பு மட்டை அரிசியும் இருக்கும். ஒருமுறை பாசுமதி இருந்தது. யார் என்று இன்றுவரை தெரியாது, சந்தேகம் மட்டும் எல்லோர் மீதும் உண்டு. பொன்னி குழைந்துபோகும் நேரத்தில் மட்டை அரிசி கல்லாக நிற்கும். இத்தனையையும் ஒரே அண்டாவில் போட்டுச் சோறாக இறக்கத் தெரிந்தவர் எங்கள் சமையல்காரர் கிங்ஸ்லி ஒருவர்தான். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆகவே அந்தச் செய்முறையை இம்மனுவுடன் இணைக்க இயலவில்லை.

இந்த ஆண்டு திருநாள் வெள்ளிக்கிழமையில் வருவதால் கறி கிடையாது, சாம்பாரும் கத்தரிக்காய்க் கூட்டும்தான். ஆகவே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இறைச்சி பற்றிய பகுதி எங்களுக்குப் பொருந்தாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு அசனத்தில் பதினான்கு பேருக்கு வாந்தி வந்தது. யாரோ ஒரு வீட்டார் வண்டு மருந்து போட்டு வைத்திருந்த அரிசியைக் கழுவிக் காயவைக்காமல் கொட்டியிருக்கிறார்கள். எந்த வீடு என்று நாங்கள் தேடவில்லை, தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டு முதல் பெட்டி அரிசி முழுவதையும் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, முப்பது பெண்கள் உட்கார்ந்து புடைத்து, முகர்ந்து பார்க்கிறோம். வெந்த சோற்றைக் கிங்ஸ்லி முதலில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் எல்லோர் கண்ணிலும் படும்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பிறகே பந்தி. ஏழு ஆண்டுகளில் அவருக்கு எதுவும் ஆகவில்லை, எடை கூடியதைத் தவிர.

4. கடந்த ஏப்ரல் 2-ஆம் தேதி எங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலர் திருமதி முனீஸ்வரி அவர்கள் ஊருக்கு வந்தார். கோயிலாக இருந்தாலும், லாபம் இல்லாமல் கொடுத்தாலும், கூட்டத்துக்குச் சோறு போடுகிறவர்கள் மத்தியச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். ஊராட்சித் தலைவர் திரு. செல்லப்பாண்டி அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. “நம்ம ஊரு அண்டாவுக்கு டெல்லியில இருந்து மூடி வரணுமாக்கும்? நான் கையெழுத்துப் போட்டா பத்தாதா?” என்றார். “சட்டம் உங்க ஊரு எல்லையில செருப்பக் கழட்டிட்டு நிக்காது தலைவரே” என்றார் அலுவலர். தலைவர் கோபத்தில் அப்போதே அனுமதிக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அலுவலர் பதிவு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார். ஊரில் இருப்பது ஒரே கணினி, அது என்னுடையது. எனவே இரண்டு அரசாங்கத்துக்கும் நானே தட்டச்சு செய்தேன்.

5. இனி என் தவறு. விண்ணப்பத்தில் “உணவு வணிகம் புரிபவர் பெயர்” என்ற இடத்தில் “புனித அந்தோனியார்” என்று நிரப்பிவிட்டேன். அசனம் கொடுப்பவர் அவர்தான் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கோயில் மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. மாந்தோப்புப் பட்டா அவர் பெயரில் இருக்கிறது. மைக் செட்டுக்காரர் ரசீதும் அவர் பெயரில்தான் போடுவார். பதினோரு ஆண்டுகளாக அவர் பெயரை நிரப்பிப் பழகிய கை, நான் யோசிக்கும் முன்னே நிரப்பிவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பிறந்த தேதி கேட்டது, 15.08.1195 என்று போட்டேன், இணையதளம் ஏற்கவில்லை. எண்ணூறு ஆண்டுகளைத் தள்ளுபடி செய்து 1995 என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. புகைப்படம் கேட்டது, பீடத்துப் படத்தை ஏற்றினேன். அவர் கையில் குழந்தை இயேசு இருப்பதால் “படத்தில் இரண்டு முகங்கள் உள்ளன” என்று நிராகரித்தது. குழந்தையை வெட்டினேன். இதற்காகக் குருவிடம் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். நடுவில் விண்ணப்ப எண் எழுதிய தாள் காணாமல் போனது. காணாமல் போன பொருளுக்கு எங்கள் சபையில் வேண்டிக்கொள்வது அந்தோனியாரிடம்தான் என்பதால் விண்ணப்பதாரரிடமே வேண்டினேன். ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் கிடைத்தது. சான்றிதழும் வந்தது. கோயிலில் சட்டம் போட்டு மாட்டினோம், யாரோ மாலையும் போட்டுவிட்டார்கள்.

6. மே மாதம் பார்வை 3-இல் கண்ட நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. பெறுநர்தான் கையொப்பமிட வேண்டும் என்றார் தபால்காரர். கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பீடத்தைக் கை காட்டினேன். சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்.

திரு. அந்தோனியார், வயது 29, பதினைந்து நாளுக்குள் அடையாள அட்டையுடனும், டைபாய்டு தடுப்பூசி போட்டதற்கான மருத்துவச் சான்றுடனும் நேரில் ஆஜராக வேண்டும் என்றும், தவறினால் பதிவு ரத்தாகி அசனம் நிறுத்தப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. கிங்ஸ்லி அதைப் படித்துவிட்டு, “அவருக்கு ஊசி போட்டாச்சான்னா கேக்குறாக? எனக்கே இன்னும் போடலையே” என்று கவலைப்பட்டார். அவருக்கு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டாகிவிட்டது. அந்த அளவில் இந்த நோட்டீஸால் நன்மையே.

7. நோட்டீஸில் இருந்த உதவி எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒருவர் பேசினார். “உள்ளூர் அதிகாரத்தைத் தொடர்புகொள்ளவும்” என்றார். உள்ளூர் அதிகாரமாகிய தலைவரிடம் போனேன். “அது டெல்லி சமாச்சாரம், எங்கிட்ட ஏன் கேக்குறீக?” என்றார். அனுமதி கொடுக்கும்போது எல்லாம் அவர் அதிகாரம், பதில் சொல்லும்போது எல்லாம் டெல்லி அதிகாரம்.

கடைசியில் அலுவலர் முனீஸ்வரி அவர்களையே நேரில் பார்த்து உண்மையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பெயரை மாற்றிவிடலாம், அது ஒரு திருத்த விண்ணப்பம்தான் என்றார். ஆனால் நோட்டீஸின் இரண்டாவது பக்கத்தைக் காட்டியபோது சிரிப்பை நிறுத்திவிட்டார். அரிசி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எத்தனை கிலோ என்று ஒவ்வொருவர் பெயரோடும் பட்டியல் தர வேண்டும். “யாரு குடுத்த அரிசின்னு தெரியாம ரெண்டாயிரம் பேருக்கு எப்படிப் போட விடுறது மேரி? நாளைக்கு ஒண்ணுன்னா நாந்தான பதில் சொல்லணும்?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. 2017-இல் வாந்தி எடுத்த பதினான்கு பேரில் நானும் ஒருத்தி.

8. இதற்கிடையே கம்பத்து அரிசி ஆலை அதிபர் ஒருவர், தேவையான அரிசி முழுவதையும் ஒரே பில்லில் தருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். பதிலுக்குப் பந்தல் வாசலில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் வைத்தால் போதுமாம். ஊரில் பாதிப் பேருக்கு இது சரி என்று படுகிறது. சட்டத்துக்கும் சரி. கிங்ஸ்லிக்கோ ஒரே ரக அரிசி என்றதும் முகமே தெளிந்துவிட்டது.

போன வாரம் நூறு நாள் வேலைக்குப் போகும் சுருளியம்மாள் என் மையத்துக்கு வந்தார். ஜெராக்ஸ் எதுவும் எடுக்க வரவில்லை. “மில்லுக்காரக அரிசி வருதாம்ல. அப்ப எங்க அரிசி வேணாமா ஆத்தா?” என்று கேட்டார். அவர் கொண்டுவருவது ரேஷன் அரிசி, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் ஊருக்கே சோறு போட்டவராக அவர் பந்தியில் உட்காருவார். பத்து ஏக்கர் திராட்சைத் தோட்டக்காரரும் அதே பந்தியில் அதே தகுதியில்தான் உட்காருவார். யார் அரிசி என்று தெரியக் கூடாது என்பதற்காகவே நாங்கள் கலக்கிறோம். யார் அரிசி என்று தெரிய வேண்டும் என்கிறது பட்டியல். எனக்கு இதில் கோபம் வருகிறது, யார் மீது என்றுதான் தெரியவில்லை.

9. ஊராட்சி மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. தலைவரின் மைத்துனர் டீக்கடையில் போண்டா எண்ணெய் தார் நிறத்துக்கு வந்தபின்னும் அதைக் கேட்க எங்கள் ஊராட்சிக்கு வாய் வரவில்லை. முனீஸ்வரி அவர்கள் வந்துதான் கொட்டவைத்தார். கம்பத்திலிருந்து சென்னைக்குப் போகும் பொட்டலத்தில் செய்தவர் பெயர் இருக்கத்தான் வேண்டும், வாங்குகிறவருக்கு அவரைத் தெரியாதே. எங்கள் பந்தியில் தெரியாதவர் யாரும் இல்லை. ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்:

(அ) எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதை டெல்லி சொல்லட்டும். தண்ணீர், எண்ணெய், பாத்திரம், சமைப்பவர் கை எதையும் சோதிக்கலாம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டோம்.

(ஆ) அரிசி முழுவதும் கலந்தபின், 12-ஆம் தேதி காலையிலேயே அலுவலர் வந்து மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். கெட்டது என்றால் பெட்டியோடு கொட்டிவிடுகிறோம். பெட்டியைச் சோதியுங்கள், வீடுகளைக் கேட்காதீர்கள்.

(இ) யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது கதவுக்கு உள்ளேயே இருக்கட்டும்.

(ஈ) சட்டத்துக்குப் பொறுப்பாளர் பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். 386 வீட்டு அரிசிக்கும் நான் பதில் சொல்கிறேன். அபராதமோ வழக்கோ எதுவானாலும் என் மீது வரட்டும். உறுதிமொழிப் பத்திரம் இணைத்துள்ளேன்.

10. இவ்வளவு பெரிய பொறுப்பை இவள் ஏன் ஏற்கிறாள் என்று தாங்கள் கேட்கலாம். சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் என் கணவர் மாரடைப்பில் காலமானார். மையத்தை நான்கு மாதம் திறக்கவில்லை. ஜூன் மாதம் பெட்டி வைத்த அன்று என் வீட்டில் இருந்தது ஒரு வேளைக்கான அரிசி. மகள் ஜான்சிக்கு அப்போது பத்து வயது. பையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அரிசி கொட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு வெளியே வந்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எப்போதும்போல வழிவிட்டார்கள்.

அந்த ஆண்டு நானும் ஜான்சியும் அசனத்தில் சாப்பிட்டோம். “இன்னொரு கரண்டி வைக்கவா ஆத்தா?” என்று கிங்ஸ்லி கேட்டார். வைக்கச் சொன்னேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்துப் போனவள், வயிறு நிறைந்து எழுந்து வந்தேன். அதற்கு மறுவாரம் மையத்தைத் திறந்தேன். நோட்டீஸ் கேட்கும் பட்டியல் அந்த ஆண்டு இருந்திருந்தால், என் பெயருக்கு நேரே சைபர் என்று எழுதியிருப்பார்கள், நான் பந்திக்குப் போயிருக்க மாட்டேன். இந்த ஆண்டும் எந்த வீட்டிலிருந்தோ ஒருவர் துண்டு சுருட்டிய பையோடு வரக்கூடும். அவர் பந்தியில் உட்கார வேண்டும். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

திருநாளுக்கு இன்னும் இருபத்தைந்து நாட்களே இருப்பதால், நோட்டீஸை நிறுத்திவைத்துத் தக்க ஆணை பிறப்பிக்குமாறு ஊரின் சார்பில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அன்று பந்திக்கு வர வேண்டும். வந்தால் கையை வீசிக்கொண்டு வரலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

இடம்: சம்மனசுபட்டி
நாள்: 19.05.2025

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) அ. அனிதா மேரி

இணைப்பு: பார்வையில் கண்டவை, கிங்ஸ்லியின் தடுப்பூசிச் சீட்டு, உறுதிமொழிப் பத்திரம்.

நகல்: யாருக்கும் இல்லை. 10-ஆம் பத்தியில் உள்ளது என் மகளுக்கும் தெரியாது. விசாரணைக்காக இம்மனுவை ஊராட்சிக்கு அனுப்ப நேர்ந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் தங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.