நம் வீட்டு அடுப்பும் உன் லோஜனா மேடமும்

மஸ்கெலியா

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

நம் வீட்டில் சமைப்பது அம்மா என்று நீ உன் டிவிக்காரர்களிடம் பொய் சொல்லியிருக்கிறாய். மற்றபடி நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், கொழும்பு வெயிலில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் இதைக் கேட்டால் சிக்னல் இல்லப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

மழை விடவில்லை, கொழுந்து குறைவு, அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ வேலை செய்கிற சமையல் நிகழ்ச்சிக்கு நம் வீட்டைப் படம் பிடிக்க வருகிறார்கள், ரொட்டி சுடப் பழகிக்கோம்மா என்று அம்மாவிடம் சொன்னாயாம். அன்று கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து நனைந்த சேலையோடு மாவைப் பிசைந்தாள், தண்ணீர் கூடிப்போய்க் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. இதுக்கு இன்னும் ரெண்டு மலை ஏறிட்டு வந்திருவேங்க என்று கரண்டியை என்னிடம் நீட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு உன்மேல் கோபம் வந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் வீட்டில் இருப்பவன் நான், நீ பிறந்ததிலிருந்து அடுப்பு என்னுடையது. மாயாண்டி, நீ சேலையக் கட்டிக்கிட்டு காலையில பெரட்டுக்குப் போயி பேர் குடுத்துக் கொழுந்து எடு, ஒம் பொஞ்சாதி சண்முகவடிவ ஸ்டோருக்கு அனுப்பு என்று நம் லயத்து வரிசை வீடுகளில் எத்தனை பேர் கேலி பண்ணினார்கள், அப்போதெல்லாம் எங்கப்பா மாதிரி ஒங்கப்பா ரொட்டி சுடுவாரா என்று சண்டைக்குப் போனவள் நீ.

அந்த நிகழ்ச்சியை நடத்துகிற உன் லோஜனா மேடத்தை எனக்குப் பிடிக்காது, நீ அவரிடம் வேலை செய்வதால் இதுவரை சொல்லவில்லை. வாராவாரம் ஒரு வீட்டுக்குப் போய் அம்மா கையால சாப்பிட்டாத்தான் ருசி என்கிறார், அந்த அம்மா காலையிலிருந்து எங்கே நின்றாள், எதைச் சுமந்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பிடித்தவர் மத்தியானம் டிவியில் சமைத்துக் காட்டுகிற உமாசுதன். போன கிழமை கத்தரிக்காயைக் கருக்கிவிட்டு, கத பேசிக்கிட்டே விட்டுட்டேன், இன்னைக்கு எனக்கு இதுதான் சோத்துக்கு என்று உட்கார்ந்து சாப்பிட்டார். சட்டியையும் அவரே கழுவினார், அதனால் அவருடைய மீசை ஒன்றும் விழுந்துவிடவில்லை.

சமைத்துக் காட்டத் தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா வீட்டுக் குசினியைக் கேட்டு வையுங்கள் என்று வேறு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், அங்கே டைல்ஸ் இருக்கிறதாம், கேமராவுக்கு நன்றாக இருக்குமாம். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்த வீட்டுக்குள் உன் அம்மா பின்கதவு வழியாகத்தான் போயிருக்கிறாள், அதுவும் கூட்டித் துடைக்க. அங்கே அவளைப் பட்டுச்சேலையில் நிறுத்தி இதுதான் எங்க வீடு என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வரும். லயத்தில் நாம் இருக்கிற காம்பராவில் சுவரெல்லாம் புகை, தகரம் ஒழுகுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. நம்மை அப்படி வைத்திருப்பவர்கள் வெட்கப்படட்டும். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரிகிறது, போனாலும் போகட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கும் முழுதாக வரவில்லை. ஆனாலும் அம்மா அந்தக் குசினியில் நிற்க மாட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நல்லா இருக்கணும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். உன் மேடத்திடம் நீயே வாய் திறந்து சொல், எங்க வீட்டுல சமைக்கிறது அப்பா, நாங்க இருக்கிறது லயத்துல என்று. சொல்லிவிட்டு எனக்கு எழுது.

அப்பா,
மாயாண்டி